திரைக்கதை எழுதும் பிள்ளைகள்

ஒரு காலத்தில் நம் நாட்டு வாலிபனுக்கு எழுத்தாசை பிறந்தால் அவன் முதலில் வெண்பா எழுதிப் பார்த்தான். அடுத்த தலைமுறை சிறுகதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைய தலைமுறை திரைக்கதை எழுதுகிறது. இதில் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. கதை சொல்லும் ஆசை அதே ஆசைதான். அது குடியிருக்கும் வீடு மாறியிருக்கிறது. முன்பெல்லாம் சினிமாவுக்குக் கதை எழுதக் கற்க வேண்டுமானால் சென்னைக்கு ரயில் ஏறி, ஏதாவதொரு கம்பெனி வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது தென் மாவட்டத்துக் கல்லூரிகளிலும் காட்சித் தொடர்பியல் என்றொரு பாடம் வந்துவிட்டது. திரைப்படக் கதையைப் பிரித்து ஆராய்ந்து கட்டுரை எழுதுவதும், சொந்தமாக ஒரு குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதுவதும் அதில் பயிற்சிகள்.

அப்படி எழுதப்பட்ட ஒரு கட்டுத் தாள்களைப் படித்து அபிப்பிராயம் சொல்லும்படி நண்பர் ஒருவர் என்னிடம் கொடுத்தார். எழுதியவர்களில் பெரும்பாலோர் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பிள்ளைகள். நெசவு செய்கிறவர், மானாவாரி நிலத்தில் மல்லியும் பருத்தியும் போடுகிறவர், கரி சுடுகிறவர், இவர்களுடைய மக்கள். கல்லூரியின் பெயரோ மாணவர்களின் பெயரோ இங்கே வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாள்களில் நான் கண்ட நல்லதையும் கெட்டதையும் வாசகர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இது ஒரு வகுப்பின் விஷயம் மட்டுமல்ல.

அந்தப் பூமிக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு. 1977-ஆம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்துத்தான் முதல்வரானார். வெள்ளித்திரையில் பார்த்த முகத்தை வாக்குச் சீட்டிலும் தேர்ந்தெடுத்த ஊர் அது. ஆயினும் அந்த ஊர் சினிமாவைப் பார்த்த அளவுக்கு, சினிமா அந்த ஊரைப் பார்த்ததா என்பது வேறு கேள்வி. மதுரைக்குத் தெற்கே காமிரா போகிறது என்றாலே அரிவாளும் கூடப் போக வேண்டும் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. பொட்டல் காடு, பனைமரம், சண்டை, ரத்தம் என்று பல வருஷங்களாகப் பார்த்துப் பழகிய ஒரு பிள்ளை, தன் ஊரைப் பற்றி எழுத உட்காரும்போது எதை எழுதுவான்? தன் ஊரை எழுதுவானா, சினிமாவில் பார்த்த தன் ஊரை எழுதுவானா? என் கையிலிருந்த தாள்கள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லின.

முதலில் ஆராய்ச்சிக் கட்டுரைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தாம் பார்த்த ஒரு படத்தின் கதையை ஆராய்ந்திருந்தார்கள். 'வெயில்', 'அசுரன்', 'கூழாங்கல்' ஆகிய மூன்று படங்களும் பலருக்கும் பிடித்தவை. கட்டுரைகளின் அமைப்பு அநேகமாக ஒன்றே: கதாநாயகனின் குறிக்கோள் என்ன, அதற்குத் தடை என்ன, எத்தனையாவது நிமிஷத்தில் முதல் திருப்பம் வருகிறது, எத்தனையாவது நிமிஷத்தில் இரண்டாவது திருப்பம் வருகிறது, முடிவில் குறிக்கோள் நிறைவேறியதா. இந்த முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஸிட் ஃபீல்டு என்பவர் 1979-இல் வெளியிட்ட திரைக்கதைப் புத்தகம் இதற்கு மூலம். கதையை மூன்று பகுதிகளாகப் பிரித்து, திருப்பங்கள் எங்கே வர வேண்டும் என்று பக்கக் கணக்கோடு சொன்னவர் அவர். பின்னால் வந்தவர்கள் இன்னும் நுட்பமாகப் பிரித்தார்கள்.

இந்த முறையை நான் பழிக்கப் போவதில்லை. அளவுநாடா இல்லாமல் சட்டை தைக்க முடியாது. கதை எங்கே தொய்கிறது என்று கண்டுபிடிக்க இப்படிப்பட்ட கணக்கு உதவும். ஆனால் அளவுநாடாவைக் கொண்டு துணியின் தரத்தைச் சொல்ல முடியுமா? பாவு எத்தனை இழை, நூல் எந்த ரகம் என்பதை அறிய விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாதா? வீட்டில் தெரிந்தது வகுப்பில் மறந்துபோகிறது.

'கூழாங்கல்' படத்தைப் பற்றி ஒரு மாணவர் எழுதியிருந்ததைச் சொல்கிறேன். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய இந்தப் படம் 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்றது. கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்ட மனைவியை அழைத்துவரக் குடிகாரத் தகப்பன் ஒருவன் சிறுவனான மகனையும் இழுத்துக்கொண்டு போகிறான். பஸ்ஸுக்கான பணத்தைச் சிறுவன் கிழித்துப் போட்டுவிடுகிறான். இருவரும் கொளுத்தும் வெயிலில் நடந்தே ஊர் திரும்புகிறார்கள். கதை இவ்வளவுதான். மாணவரின் தீர்ப்பு: "இதில் இரண்டாவது திருப்பம் இல்லை. கதாநாயகனிடம் மாற்றமும் இல்லை. ஆகவே திரைக்கதை பலவீனமானது." கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆனால் அவர் ஒன்றைப் பார்க்கத் தவறிவிட்டார். வழியில் தாகத்துக்கு வாயில் போட்டு அடக்கிக்கொண்ட கூழாங்கல்லைச் சிறுவன் வீட்டுக்கு வந்ததும் எடுத்து வைக்கிறான். வைக்கும் இடத்தில் ஏற்கனவே ஒரு குவியல் கல் இருக்கிறது. அந்தக் குவியலைப் பார்த்த நிமிஷத்தில் நமக்குத் திடுக்கிடுகிறது: இந்த நடை முதல் நடை அல்ல! இத்தனை கல், இத்தனை நடை. பாத்திரம் மாறவில்லை என்பது வாஸ்தவம். நாம் மாறிவிட்டோம். அதுவரை ஒரு நாள் கதை என்று எண்ணிப் பார்த்தது, ஒரு குழந்தைப் பருவம் முழுவதின் கதையாகிவிட்டது. இதைவிடப் பெரிய திருப்பம் வேறென்ன வேண்டும்? அது வசனத்தில் இல்லை, நிமிஷக் கணக்கில் இல்லை. ஒரு கல் குவியலில் இருக்கிறது. திரைக்கதை என்பது இதுதான்: கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளின் மூலம், கண்ணுக்குத் தெரியாத காலத்தைச் சொல்லிவிடுவது.

'அசுரன்' பற்றிய கட்டுரைகளுக்கு வருவோம். வெற்றிமாறனின் இந்தப் படம் 2019-இல் வந்தது. பூமணி 1982-இல் எழுதிய 'வெக்கை' நாவலை அடிப்படையாகக் கொண்டது. படத்தை ஆராய்ந்தவர்களில் நாவலையும் படித்திருந்தவர் ஒரே ஒருவர், ஒரு பெண். அவருடைய கட்டுரை இந்தக் கட்டிலேயே சிறந்தது. நாவலில் பதினைந்து வயதுப் பையன் கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டில் மறைந்து திரிகிறான். சில நாட்களுக்குள் கதை முடிகிறது. அந்த நாட்களில் அவர்கள் எதைத் தின்றார்கள், எங்கே தண்ணீர் கண்டார்கள், எப்படிச் சோறு பொங்கினார்கள் என்று பூமணி பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். படத்தில் இந்தச் சமையல் சுருங்கிவிடுகிறது. தகப்பனின் இளமைக் காலம் நீண்ட பின்னோக்குக் கதையாக விரிகிறது. அந்தப் பெண் இதைக் கவனித்து, "நாவலில் அப்பா மகனுக்குச் சோறு போடுகிறார், படத்தில் அப்பா மகனுக்குத் தன் கதையைக் கொடுக்கிறார்" என்று எழுதியிருந்தார். எந்தப் பாட புத்தகத்திலும் இல்லாத வாக்கியம்! நாவலா படமா, எது உயர்ந்தது என்ற வீண் வழக்கில் அவர் இறங்கவில்லை. எதை விட்டார்கள், விட்ட இடத்தில் எதை வைத்தார்கள் என்று பார்த்தார். கதை ஆராய்ச்சியின் ஆரம்பம் அதுதான்.

நாவலைத் திரைக்கதையோடு வைத்துப் படிக்கும் இந்தப் பழக்கத்தைத் தமிழ்ச் சினிமாவில் பிடிவாதமாக வளர்த்தவர் பாலு மகேந்திரா. புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து வந்தவர் அவர். ஆயினும் தம்மிடம் சேர்ந்த உதவியாளர்களைச் சிறுகதைகள் படித்துச் சுருக்கம் எழுதச் சொல்வாராம். அவரிடம் உதவியாளராக இருந்த வெற்றிமாறன் இதை நன்றியோடு சொல்லியிருக்கிறார். 'கதை நேரம்' என்ற தொடருக்காகப் பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகள் பலவற்றைத் தொலைக்காட்சிப் படங்களாக எடுத்தார். பிறகு 2007-இல் 'சினிமா பட்டறை' என்ற பள்ளியையும் நடத்தினார். சுருக்கம் எழுதுவது குழந்தை வேலை என்று நினைக்கலாம். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பத்துப் பக்கக் கதையை ஒரு பக்கத்துக்குச் சுருக்கும்போது எதை விடுகிறாயோ, அதில்தான் நீ எப்பேர்ப்பட்ட வாசகன் என்பது வெளிப்பட்டுவிடும்.

இனி மாணவர்கள் சொந்தமாக எழுதிய திரைக்கதைகள். இங்கேதான் எனக்கு மனம் கனத்துப் போயிற்று. இருபதுக்கு மேற்பட்ட கதைகளில் பாதிக்கு மேல் கொலையில் ஆரம்பிக்கின்றன அல்லது கொலையில் முடிகின்றன. மீதியில் பல, சென்னையில் ஒரு காப்பிக் கடையில் நடக்கும் காதல் கதைகள். அந்தக் காப்பிக் கடையை எழுதியவர் பார்த்ததில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு கதையை மட்டும் சொல்கிறேன். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துப் பையன் எழுதியது. அண்ணனைக் கொன்றவனைத் தம்பி பழிவாங்குகிறான். பார்த்துப் பார்த்துச் சலித்த கதை. நடுவில் ஒரு காட்சியில், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கும் தம்பி, கூட்டத்தில் தகப்பனைத் தேடுகிறான். அடைப்புக் குறிக்குள் ஒரு வரி: "அப்பா மூட்டத்துக்குக் காவல் இருப்பதால் வர முடியவில்லை." ஓரத்தில் யாரோ சிவப்பு மையால், "தேவையில்லை, கதைக்குச் சம்பந்தமில்லாதது" என்று எழுதியிருந்தார்கள்.

அந்தப் பையனை ஒருமுறை சந்திக்க நேர்ந்தபோது, "மூட்டத்துக்குக் காவல் என்றால் என்ன, தம்பி?" என்று கேட்டேன்.

"கருவேல மரத்த வெட்டி அடுக்கி, மேல மண்ணப் பூசித் தீ வைப்பாங்க, சார். நாள் கணக்கா உள்ளுக்குள்ளயே புகையணும். காத்துப் புகுந்திருச்சுன்னா கரி கிடைக்காது, சாம்பல்தான். ராத்திரியெல்லாம் சுத்தி வரணும். எங்க வெடிப்பு விடுதோ அங்க மண்ண அள்ளி அப்பணும்."

"அப்பாவுக்குத் தூக்கம்?"

"மூட்டம் பிரிச்ச பிறகுதான் சார்" என்று சொல்லிச் சிரித்தான்.

வாசகர்களே, இதில் ஒரு படம் இருக்கிறதா இல்லையா? மகன் பரிசு வாங்கும் நாளில், மூட்டத்தைவிட்டு நகர முடியாத ஒரு மனிதன். நகர்ந்தால் பல நாள் உழைப்பு சாம்பலாகிவிடும். நகராவிட்டால் மகன் கூட்டத்தில் ஏமாந்து நிற்பான். குறிக்கோள், தடை, நெருக்கடி என்று பாட புத்தகம் கேட்பதெல்லாம் இதில் இருக்கின்றன. கூடுதலாக நெருப்பும் இருக்கிறது. புகையும் இரவும் இருக்கின்றன. காமிராவுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அந்தப் பையன் கொலையைக் கதை என்று நினைத்தான். தகப்பனைக் கதைக்குச் சம்பந்தமில்லாதவர் என்று நினைக்கக் கற்பிக்கப்பட்டான். இதில் நஷ்டம் ஒரு நல்ல குறும்படம் மட்டுமல்ல. தன் வீட்டில் நடப்பது எதுவும் சொல்லத் தகுந்ததல்ல என்று ஒரு பிள்ளை முடிவு செய்துகொள்கிறானே, அதுதான் பெரிய நஷ்டம்.

திருத்துகிறவர் எந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்? அதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தொல்காப்பியம் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதற்பொருள், நிலமும் பொழுதும். கருப்பொருள், அந்த நிலத்து மரம், உணவு, தொழில் முதலியவை. உரிப்பொருள், அங்கே மனிதர் மனத்தில் நிகழ்வது. ஒரு காட்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, இது எந்த இடம், எந்த வேளை, அங்கே என்ன வேலை நடக்கிறது, அந்த வேலைக்கு நடுவில் எந்த உணர்ச்சி பிறக்கிறது என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். மூட்டக் காவல் உடனே கதையின் நடுவுக்கு வந்துவிடும்; அரிவாள் தானே ஒதுங்கிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்று விளக்குகிறது சிலப்பதிகாரம். அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று புரியும். கண்மாய் நிறைந்த வருஷம் அந்த ஊர் வேறு. குண்டாறு மணலாகக் கிடக்கும் வருஷம் அதே ஊர் வேறு. பாலையின் பொழுது வேனிலும் நண்பகலும். அதன் உரிப்பொருள் பிரிவு. கவனியுங்கள், கொலை அல்ல, பிரிவு! மழை பொய்த்த ஊரில் மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதைவிட, ஒருவரையொருவர் விட்டுப் போவதுதான் அதிகம். திருப்பூருக்கும் சென்னைக்கும் போகும் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும்.

வசந்தபாலனின் 'வெயில்' (2006) இந்த உண்மையைத் தொட்ட படம். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் சினிமா பார்த்த சிறுவனைத் தகப்பன் நிர்வாணமாக்கி வெயிலில் கட்டிப்போடுகிறான். அவமானம் தாங்காத சிறுவன் வீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிப்போகிறான்; எங்கோ ஒரு சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டுகிறவனாக வளர்கிறான்; பல வருஷங்கள் கழித்து வெறுங்கையோடு திரும்பி வருகிறான். இந்தப் படத்தை ஆராய்ந்த மாணவர்கள் எல்லாரும் கடைசியில் வரும் மோதலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அந்த ஓட்டத்தைப் பற்றி ஆளுக்கு இரண்டு வரி.

அந்த மண்ணில் பிறந்து வீட்டைவிட்டுப் போன இன்னொரு பையனை நாம் எல்லாரும் அறிவோம். 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், தகப்பனார் காலமான பிறகு மதுரைக்கு வந்து படித்துக்கொண்டிருந்தான். 1896 ஆகஸ்டில், பதினாறு வயதில், பள்ளிக்கூடத்தில் விசேஷ வகுப்பு இருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டான். தன் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிடும்படி அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பையன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறிவிட்டான். கடிதத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. பின்னால் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது.

சமய விஷயத்தை ஒதுக்கிவிட்டுத் திரைக்கதை மாணவன் ஒருவன் இதைப் படிக்கட்டும். எந்தப் பொருளின் மேல் காமிரா நிற்கும்? மூன்று ரூபாயின் மேலா? எடுத்துப் போன பணம் ஓடிப்போகிற எல்லாப் பையன்களின் கதையிலும் உண்டு. வைத்துவிட்டுப் போன இரண்டு ரூபாய் இந்தப் பையனின் கதையில் மட்டும்தான் உண்டு. தேவைக்கு மேல் ஒரு காசு வேண்டாம் என்ற மனமும், இனி திரும்புவதில்லை என்ற முடிவும், அண்ணனின் சம்பளம் கட்டப்படவில்லையே என்ற கவலையும் அந்த இரண்டு ரூபாயில் இருக்கின்றன. பெயர் எழுதாத கோட்டில் மீதிக் கதை இருக்கிறது. வசனம் எதற்கு? ஒரே ஊர்ப்பக்கம், ஒரே பிரிவு, வீட்டுப் பணத்தோடு போன இரண்டு பையன்கள். ஒருவன் திரும்பி வருகிறான், இன்னொருவர் வரவேயில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாணவன் கட்டுரை எழுதினால் அவனுக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன்.

"இதெல்லாம் சரி, ஐயா, கரிமூட்டத்துக்குப் பணம் போட எந்த முதலாளி வருவார்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பூமணியே 'கருவேலம் பூக்கள்' என்ற படத்தை இயக்கினார். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் குழந்தைகளின் கதை. தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பணம் போட்டது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அரிவாள் படங்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு ஒரு விலை உண்டு. அதை மறைத்துப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டுவது தவறு. ஆனால் 'வெயில்' பாட்டும் காதலும் உள்ள படம்தான். 'அசுரன்' பெரிய நடிகரை வைத்து எடுத்து ஊரெல்லாம் ஓடிய படம்தான். இரண்டும் தேசிய விருதும் பெற்றன. கொட்டகையில் ஓடுவதற்கு ஊரைப் பொய்யாக எழுதித்தான் தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மேலும், மாணவனுக்கு ஒரு சலுகை இருக்கிறது. அவனுடைய பத்து நிமிஷப் படத்துக்கு முதலாளி இல்லை, கைப்பேசியே காமிரா. வியாபாரத்துக்குப் பயப்பட வேண்டாத ஒரே பருவத்தில் வியாபாரக் கதை எழுதுவானேன்?

'அசுரன்' படத்தின் முடிவில் தகப்பன் மகனுக்குச் சொல்லும் புத்திமதி படிப்பைப் பற்றியது. நம்மிடமிருந்து யாரும் பறிக்க முடியாதது அது ஒன்றுதான் என்பது அதன் சாரம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவர்களைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே வெற்றிமாறன் 2021-இல் சென்னையில் கட்டணம் வாங்காத திரைப்பள்ளி ஒன்றையும் தொடங்கினார். நல்ல காரியம். ஆனால் பறிக்க முடியாத அந்தப் படிப்பு, அவர்களிடம் ஏற்கனவே இருப்பதைப் பறித்துவிடக் கூடாது அல்லவா?

'வெக்கை'யைப் படித்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் சொந்தமாக எழுதிய திரைக்கதையிலும் ஒரு நெசவாளி வீடு வருகிறது. தறி ஓடும்வரை எல்லாரும் உரக்கப் பேசுகிறார்கள். திடீரென்று தறி நிற்கிறது. பேசிக்கொண்டிருந்த தாயின் குரல் மட்டும் அதே உரத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரு வார்த்தை அதிகமாக ஒலித்துவிடுகிறது. அந்த ஒரு வார்த்தையால் வீட்டில் மறைத்து வைத்திருந்த கடன் விஷயம் வெளியாகிவிடுகிறது. தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவளைத் தவிர வேறு யாரால் இதை எழுத முடியும்? இதற்கு ஓரத்தில் சிவப்பு மை எதுவும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை போலும். எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் போதும். கரிமூட்டத்துப் பையனிடமும் நான் கடைசியில் கேட்டுக்கொண்டது இதைத்தான்: அடைப்புக் குறிக்குள் இருக்கும் அப்பாவை வெளியே அழைத்து வா, தம்பி, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.